சபா கச்சேரிகளில் பல வருட அனுபவம்: பாட்டு அருமை, மைக் தாங்கவில்லை

பெங்களூரிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "மார்கழி கர்நாடக சங்கீத சீசனுக்கு ஏதாவது ஒரு சபாவில் சீசன் டிக்கெட் எடுத்துவிடலாமா? நீங்கள்தான் வருஷா வருஷம் போகிறீர்களே, எடுப்பது லாபமா?" போனிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போயிற்று. எழுதியே அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், சாயங்காலம் நாலு மணிவாக்கில் அடுத்த நிலைக் கலைஞர்கள், ஆறரை ஏழுக்கு மேல் பெரிய பெயர்கள், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேன்டீன்களைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது ஒலி அமைப்பைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் நின்றால் ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன், ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் எல்லாம் நடந்து போகிற தூரம். ஆட்டோவில் ஏறினால் சிறிது நேரத்தில் நாரத கான சபா, மியூசிக் அகாடமி. இன்னும் கொஞ்சம் போனால் தி. நகரில் கிருஷ்ண கான சபா. காலையில் ஒரு விரிவுரை, மத்தியானம் இருபது வயதுப் பெண்ணின் கச்சேரி, சாயங்காலம் ஒரு ராகத்தை விஸ்தாரமாகப் பாடுகிற ராகம் தானம் பல்லவி என்று ஒரே நாளில் கேட்க முடிகிற ஊர் இது. பாடகர் தோடி ராகத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட, வயலின்காரர் அதே இடத்தைப் பிடித்து வேறு வழியாக இறங்கி வருவார். அப்போது பாடகர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார். இதை நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. எத்தனை வருடம் போனாலும் எனக்கு அது அலுக்கவில்லை, அலுக்கப் போவதுமில்லை.

இனி அந்த ஒரே ஒரு விஷயம். சத்தம்.

பாட்டு சத்தமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கச்சேரி வர்ணத்தோடு தொடங்குகிறது. பாடகர் இரண்டாவது வரியிலேயே விரலை மேலே காட்டுகிறார், மானிட்டரில் (மேடையில் இருப்பவர்களுக்கே கேட்பதற்கான ஸ்பீக்கர்) தன் குரல் போதவில்லை. குரலை ஏற்றுகிறார்கள். இப்போது மிருதங்கக்காரருக்குத் தன் வாத்தியம் கேட்கவில்லை, அவரும் விரலை மேலே காட்டுகிறார். அடுத்தது வயலின். மேடையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களின் சத்தம் மறுபடி பாடகரின் மைக்குக்குள் போய் "கூ" என்று ஊளையிடுகிறது. உடனே மிக்ஸரில் (ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற கருவி) எதையோ குறைத்து வேறு எதையோ ஏற்றுகிறார்கள். வர்ணமும் அடுத்த கிருதியும் இதிலேயே போய்விடுகின்றன. இத்தனை வருடத்தில் விரலைக் கீழே காட்டிய கலைஞர்களை நினைவில் தேட வேண்டியிருக்கிறது.

கச்சேரிக்கு முன்பே சரிபார்த்தால் என்ன என்று கேட்கலாம். சீசனில் ஒரு மேடையில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கச்சேரி. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க கால் மணி கிடைத்தால் பெரிது. அதற்குள் பொன்னாடை, அறிவிப்பு, திரை. சவுண்ட் செக் செய்ய நேரமே ஒதுக்கப்படுவதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நான் போகிற பல இடங்களில் மிக்ஸர் வைத்திருப்பது மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால். அதை இயக்குபவருக்கு மேடைச் சத்தம்தான் கேட்கும். அரங்கத்தில் நமக்கு என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. முந்தின நாள் கல்யாண ரிசப்ஷன், மறுநாள் பொதுக்கூட்டம், நடுவில் இந்தக் கச்சேரி என்று ஓடுகிற மனிதர். மிக்ஸரை அரங்கத்தின் நடுவில், ரசிகர்களோடு வைக்க வேண்டியது சபாவின் பொறுப்பு. ஒரு நீளமான கேபிளும் இரண்டு நாற்காலி இடமும் போதும்.

ஸ்பீக்கர்களை மேடையின் இரண்டு பக்கமும் அடுக்கிவைக்கிறார்கள். அதனால் அதிக விலை கொடுத்து முன்வரிசையில் உட்காருபவர்தான் அதிகம் அடிபடுகிறார். போன சீசனில் ஒரு பிரபல சபாவில் (பெயர் வேண்டாம்) ஐந்தாவது வரிசையில் இருந்தேன். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தின்போது போனில் டெசிபல் மீட்டரைத் திறந்து பார்த்தால் 94. போன் மீட்டர் துல்லியமானதல்ல, நாலைந்து முன்னே பின்னே இருக்கும், சரி. ஆனால் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி. தொழிற்சாலைக்குச் சொன்ன கணக்கைச் சங்கீதத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய நிலைமை வந்ததே என்று கோபம் வந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து உள்ளே வந்து காதை அடைத்துக்கொண்டு பைரவி கேட்க வேண்டுமா?

இடைவேளையில் நிர்வாகி ஒருவரிடம் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "சார், சத்தத்தைக் குறைத்தால் பின்வரிசை மாமாக்கள் கேட்கவில்லை என்று எழுந்து வந்துவிடுகிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. ரசிகர்களில் பாதிப்பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆனால் வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. சாகித்யத்தில் 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அது மேலே உள்ள ஒலியை மூடிவிடும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தருகிற தொப்பிப் பக்கத்தை ஸ்பீக்கரில் 'தொம் தொம்' என்று அதிரவிட்டு, மொத்தத்தையும் ஏற்றினால் அந்த மாமாவுக்கும் வார்த்தை புரியாது. தொப்பியை இறக்கி, எக்கோவை எடுத்துவிட்டால் இதே ஒலிபெருக்கியில், இதைவிடக் குறைந்த சத்தத்தில் அவருக்குக் கேட்கும். இதையும் நிர்வாகியிடம் சொன்னேன். பார்க்கிறோம் என்றார். இடைவேளைக்குப் பிறகு ஒன்றும் மாறவில்லை.

மைக்கே கூடாது என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. மைக் நம் மேடைகளுக்குப் பரவியது 1930களில்தான். அதற்கு முன்பு எட்டுக்கட்டைக் குரல் (கட்டை என்றால் ஸ்ருதியின் அளவு) என்று கொண்டாடினார்களே, அதற்கு ருசி மட்டும் காரணமில்லை, கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும். கிட்டப்பா நாடக மேடையில் உச்ச ஸ்ருதியில் பாடினார். மைசூர் சௌடையா வயலினின் சத்தம் போதவில்லை என்பதற்காகவே நாலு தந்தியோடு மூன்றைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் செய்துகொண்டார். மைக் வந்த பிறகுதான் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் குரல்கள் நிம்மதியாக மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், உலவ முடிந்தது. மெல்லிய கமகங்கள், அதாவது ஸ்வர அசைவுகள், பின்வரிசைக்கு எட்டின. பெரிய அரங்குகள் சாத்தியமானதும் இதனால்தான். 1962ல் திறந்த அகாடமியின் டி.டி.கே. அரங்கில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே மைக் இல்லாமல் பாடு என்று யாரையும் சொல்ல முடியாது.

ஆனால் மைக் வேண்டாம் என்று நின்ற பாலக்காடு மணி ஐயரை நினைத்துக்கொள்கிறேன். 1966ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர், அந்த விருதைப் பெற்ற முதல் மிருதங்க வித்வான். மைக்கினால் வாத்தியத்தின் நாதம் கெடுகிறது என்று அவ்வளவு பெரியவர் பிடிவாதமாக இருந்தார். அது எதற்காக என்று எனக்குப் புரிந்தது ஒரு சிறிய ஹாலில், சீசன் இல்லாத ஒரு ஆடி மாதத்தில்.

அன்றைக்குக் காம்போதி ராக ஆலாபனை பாதியில் ஆம்ப்ளிஃபையர் செத்துப்போனது. மைக் செட்காரர் ஓடிவந்து எதையெதையோ கழற்றி மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பாடகி அவரைப் பார்த்துக் கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாலைந்து பேராக எழுந்து முன்வரிசைக்கு வந்தோம். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முதல் மாற்றம் மிருதங்கத்தில் தெரிந்தது. ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவலில் மிருதங்கம் வாசித்த பையன் கையைத் தாழ்த்தி, விரல் நுனியால் வாசித்தார். தொப்பியில் எழுப்புகிற கும்கி நாதம் வருகிறபோது அது வயிற்றில் இடிக்காமல் காதில் கேட்டது. வயலின் வில் திரும்புகிற சத்தம் கேட்டது. பாடகி ஒரு சங்கதியைப் பாதிக் குரலில் விட்டபோது ஹாலில் ஒருவரும் அசையவில்லை. தனி ஆவர்த்தனம் வந்ததும் வழக்கமாக எழுந்து போகிற கூட்டம் அன்று எழுந்திருக்கவில்லை. நான் கேட்ட கச்சேரிகளில் மிக நல்லது எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைச் சொல்வேன். பாடகி பிரபலமானவர் இல்லை. டிக்கெட்டும் கிடையாது.

அதற்குப் பிறகு மைக் இல்லாத கச்சேரி எங்கே என்று விசாரித்துப் போகிறேன். வீட்டுக் கச்சேரிகள் இருக்கின்றன. நூறு பேர் கொள்ளும் சிறு அரங்குகளில் மைக் இல்லாமலே நடத்துகிற முயற்சிகள் நடக்கின்றன. மார்கழிக் காலையில் பாபநாசம் சிவன் வளர்த்த வழியில் மயிலை மாட வீதிகளில் பஜனை சுற்றி வருகிறது, அதில் சேர்ந்து நடந்தால் குரலும் தாளமும் மட்டும்தான். திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் பெரிய அரங்கைக் கேரளக் கோயில் அரங்கான கூத்தம்பலத்தின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அங்கே குரலுக்கு மேடையே துணை செய்கிறது.

என்னை மிகவும் வருத்துவது நாதஸ்வரம். கபாலீஸ்வரர் பங்குனிப் பெருவிழாவில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்தால் மாட வீதி மூலையில் நிற்பவருக்கும் கேட்கிறது. திறந்த வெளிக்காகவே வளர்ந்த வாத்தியம். அதை நாலு சுவருக்குள், ஏசி ஹாலில் உட்காரவைத்து, அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) நேரே ஒரு மைக்கை நீட்டுகிறார்கள். தவிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மைக். அரை மணியில் கூட்டம் கலைகிறது. பிறகு, நாதஸ்வரத்துக்கு ஆள் வருவதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். ஒரே ஒரு வருடம் அந்த மைக்குகளை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று எல்லா சபாக்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

2020ல் கொரோனாவினால் சீசன் பெரும்பாலும் இணையத்துக்குப் போனபோது வீட்டில் ஹெட்போனில் கேட்டோம். தம்புரா தனியாகக் கேட்டது, பாடகரின் மூச்சு கேட்டது. அப்போது ரசிகர்கள் நேரில் போக முடியாமல் தவித்தோம். திரும்பப் போனபோது நேரில் கேட்பது வீட்டில் கேட்டதைவிடத் தெளிவு குறைந்து இருந்தது. இது இருக்கக்கூடாத நிலை. ஒலிப்பதிவுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை அரங்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டினால் போதும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மேலே நல்லதாக அவ்வளவு எழுதிய பிறகும் என் பதில், சீசன் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பதுதான். நான் இந்த வருடம் எடுக்கவில்லை. ஒரே ஹாலில் மூன்று வாரத்துக்கு இடம் பிடித்துவைத்தால், முதல் நாளே சத்தம் சரியில்லை என்று தெரிந்தாலும் காசுக்காகப் போய் உட்கார வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் பிடித்த கலைஞர்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுங்கள். முன்வரிசை வேண்டாம். அரங்கத்தின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்காருங்கள். பால்கனிக்கு அடியில் உட்காராதீர்கள், அங்கே ஒலி மங்கிவிடும். பால்கனியின் முதல் வரிசை கிடைத்தால் விடாதீர்கள், விலையும் குறைவு, கேட்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது. மத்தியானக் கச்சேரிகளுக்குக் கட்டாயம் போங்கள். கூட்டம் இல்லாததால் பல இடங்களில் சத்தத்தை அவ்வளவு ஏற்றுவதில்லை, பாடுகிற பிள்ளைகளும் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள்.

அப்புறம், சத்தம் அதிகம் என்று தோன்றினால் சகித்துக்கொண்டு வராதீர்கள். முதல் பாட்டு முடிந்ததும் எழுந்து போய்ச் சொல்லுங்கள், சபா செயலாளருக்கு ஒரு கடிதமும் போடுங்கள். இதுவரை பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறவர்கள்தான் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.