கடலோர அரங்கு: வெல்டிங் சட்டமா, போல்ட் சட்டமா?

இராமநாதபுரம் கடற்கரையில் நிகழ்ச்சி அரங்கை இடம் மாற்றத்தக்கதாகக் கட்டுவதற்குக் காற்றே காரணம். மீனவர்கள் வடகடல் என்று சொல்லும் பாக் விரிகுடா வாடைக்காலத்திலும், தென்கடலான மன்னார் வளைகுடா தென்மேற்குப் பருவக்காற்றிலும் கொந்தளிக்கும். பருவத்துக்கேற்ப கரை மாறும் அரங்குக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். ஆனால் அத்தனை முறையும் பிரித்துக் கோக்க அதன் இரும்புச் சட்டம் ஈடுகொடுக்க வேண்டும்.

பெரிய பகுதிகளாக வெல்டிங் செய்து எபாக்சி பெயிண்ட் பூசிய சட்டத்தை உள்ளூர்ப் பட்டறையிலேயே குறைந்த செலவில் முடித்துவிடலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலமும் வெல்டிங் இணைப்புகளோடும் பாலிசிலாக்ஸேன் பூச்சோடும்தானே நிற்கிறது என்று கேட்கலாம். பாலத்தை யாரும் கழற்றி லாரியில் ஏற்றுவதில்லை. அரங்குச் சட்டத்திலோ, ஏற்றி இறக்கும்போது சங்கிலி உரசிப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் உப்பு ஈரம் புகுந்து, சுற்றிலுமுள்ள பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

சுமார் 450 டிகிரி வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்து, போல்ட்டால் இணைக்கும் சட்டத்துக்கு முதற்செலவு அதிகம்; கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். துண்டுகள் முக்கும் தொட்டியில் அடங்க வேண்டும், குழாய்களில் காற்றுப்போக்குத் துளை விட வேண்டும், துளைகளையெல்லாம் முக்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். களத்தில் துளை பொருந்தாமல் கேஸ் கட்டிங்கை எடுத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். போல்ட்டும் நட்டும் வாஷரும்கூடத் துத்தநாகம் பூசியவையாக இல்லாவிட்டால், அடுத்த பருவத்தில் ஸ்பானருக்கு அசையாது. என் தேர்வு இந்த போல்ட் சட்டம்தான்; மேலே பெயிண்டும் அடித்தால் ஆயுள் கூடும்.

அடித்தளத்தில் எடையைவிடக் காற்றின் தூக்குவிசையையே முதலில் கணக்கிட வேண்டும். நொடிக்கு 40 மீட்டர் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 98 கிலோ எடைக்குச் சமம்; அரை மில்லிமீட்டர் தகட்டுக் கூரையின் எடையோ ஐந்து கிலோ அளவே. மணற்பாங்கில், திருகு போல மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் திருகுத்தூண்கள் நல்லவை, எதிர்ப்பக்கம் திருகியே எடுத்துவிடலாம். பவளப்பாறை தட்டும் இடங்களில் அவை இறங்கா; அங்கே கான்கிரீட் கட்டைகளே வழி, அவற்றுக்கு கிரேன் வாடகை தனி. கழற்றக்கூடிய கட்டுமானம் என்பதாலேயே கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. இரு கரைக்கும் தனித்தனியே விண்ணப்பித்த பிறகே இரும்பு வாங்க வேண்டும்.