பாக்கெட் அகராதி வாங்குமுன் ‘கேலம்னி’யைப் புரட்டிப் பாருங்கள்

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பாக்கெட் ஆங்கில-தமிழ் அகராதிகள் அன்றாடச் சொற்களுக்குத் தாராளமாகப் போதும். எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு என்றால் மட்டும், காசு கொடுக்குமுன் கடையிலேயே ‘கேலம்னி’ (calumny, பொய்ப்பழி) என்ற சொல்லைப் பாருங்கள்.

இந்த வகை அகராதிகள் பெரும்பாலும் ‘அவதூறு’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடும். டிஃபமேஷன், ஸ்லாண்டர், லைபல் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். வாயால் சொன்னால் ஸ்லாண்டர், எழுத்தில் வந்தால் லைபல். இரண்டையும் அடக்குவது டிஃபமேஷன். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் டிஃபமேஷன் என்றே பேசுகிறது. கேலம்னி அந்த வரிசையில் வராது. பெயரைக் கெடுக்கும் எண்ணத்தோடு கட்டிவிடும் பொய்ப்பழி அது. கட்டுரைக்கும் மேடைக்கும் பொருந்தும். வக்கீல் நோட்டீஸில் எழுத வேண்டாம்.

இதற்கு நம் வாயில் புழங்கும் சரியான சொல் ‘அபாண்டம்’. “ஏனுங்க, இப்படி அபாண்டமாப் பேசலாமுங்களா?” என்று கோபியிலோ காங்கயத்திலோ ஒருவர் கேட்டால், சொன்னது பொய், சொன்ன மனசில் கெடுதல் என்ற இரண்டும் அதிலேயே வந்துவிடுகின்றன. ‘புறணி’ அப்படியல்ல. அது முதுகுக்குப் பின்னால் பேசுவது. பேசியது நிஜமாகவும் இருக்கலாம். கேலம்னிக்கு நேராகப் ‘புறணி’ என்று மட்டும் போட்டிருந்தால் அந்த அகராதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்த கோளாறு உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் ஒலியைக் கொடுப்பவை அழுத்தம் எங்கே விழுகிறது என்று காட்டுவதில்லை. கேலம்னியில் முதல் அசைக்கு அழுத்தம். வினையான ‘கலம்னியேட்’டில் அது ‘லம்’முக்கு நகர்ந்துவிடும். துதிப்பாட்டைக் குறிக்கும் ‘ஹிம்’மில் (hymn) கடைசி ‘என்’ ஊமை. கேலம்னியில் ‘எம்’, ‘என்’ இரண்டும் ஒலிக்கும். இந்த ஒரு விஷயத்தில், ஒலிப் பொத்தான் உள்ள போன் செயலியே மேல்.

பெயர்ச்சொல்லா வினையா என்ற குறிப்பும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் கட்டாயம் இருக்கவேண்டும். அவை இல்லாததால்தான் பலர் கேலம்னியையே வினையாக எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். சொல்லின் வேரைச் சொல்லும் பெரிய அகராதி என்றால் இன்னும் நல்லது: லத்தீன் ‘கலும்னியா’விலிருந்துதான் ‘சேலஞ்ச்’ என்ற சொல்லும் வந்தது என்று தெரிந்தால் மறக்கவே மறக்காது.

ஏற்கெனவே பாக்கெட் அகராதி வாங்கிவிட்டவர்கள் அதை வீசவேண்டியதில்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ‘அபாண்டம், பெயர்ச்சொல்’ என்று எழுதி, முதல் அசைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.