ரிசர்வ் வங்கியின் பத்து மணி அறிவிப்பு: கடன் இருப்பவர்கள் கடைசிவரை கேளுங்கள்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுத்து விற்கும் கடை என்னுடையது. கடைக்கு வாங்கிய கேஷ் கிரெடிட் என்ற தொழில் கடன், வீட்டுக்கடன் இரண்டுமே ரெப்போ வட்டியோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, ஏறி இறங்குபவை. அதனால் இரண்டு மாதத்துக்கொரு முறை காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் யூடியூப் நேரலையில் வாசிக்கும் நாணயக் கொள்கை அறிக்கையைத் தவறவிடுவதில்லை. பைசா செலவில்லாத, உருப்படியான சேவை.

வட்டி எவ்வளவு என்று கேட்டதுமே பலர் போனை அணைத்துவிடுகிறார்கள். சரக்கு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று ரெப்போ ஒரேயடியாக அரை சதவீதம் குறைந்து 5.50 ஆனது. ஆனால் வட்டியை இறக்கும் பக்கம் சாய்ந்திருந்த நிலைப்பாட்டை அன்றே 'நடுநிலை', அதாவது ஏற்றவும் இறக்கவும் வழி திறந்தே இருக்கும், என்று மாற்றினார் ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. வளர்ச்சிக்குக் கைகொடுக்க இனி இடம் ரொம்பக் குறைவு என்றும் சொன்னார். அதுவரை கேட்டவர்கள், அடுத்த கூட்டத்திலும் குறையும் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் வட்டி அசையவில்லை, டிசம்பரில்தான் 5.25 ஆனது.

வெறும் பேச்சுக்கு இவ்வளவு பலமா என்று ஷீட் வியாபாரி யாரும் கேட்கமாட்டார். ரப்பர் சந்தையான கோட்டயத்தில் விலை ஏறப்போகிறது என்று நாலு பேர் நம்பினால் போதும், ஷீட்டை விற்காமல், உலர்த்தும் புகைப்புரையிலேயே அடுக்கி வைப்பார்கள். அப்படி வைப்பதாலேயே விலை ஏறும். விலைவாசியும் அந்த வகைதான். பணவீக்க இலக்கு 4 சதவீதம், கூடக்குறைய 2 என்று வெளிப்படையாகச் சொல்லி, அதை ஜனங்களை நம்பவைப்பது ரிசர்வ் வங்கியின் பாதி வேலை.

பகல் 12 மணிக்கு நிருபர்கள் கேள்வி கேட்கும் நேரலை எனக்கு இன்னும் பிடிக்கும். அறிக்கையில் பூசி மெழுகியது அங்கே தெளிவாகும். வட்டியை முடிவு செய்யும் நாணயக் கொள்கைக் குழுவின் 6 பேரும் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், ஏன் என்பது கூட்டம் முடிந்த 14-ஆம் நாள் வெளியாகும் கூட்டக் குறிப்பில் இருக்கும்.

ஒரு குறை. ஆளுநர் வாசிப்பது ஆங்கிலத்தில். அன்றைக்கே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் வந்தால் திற்பரப்பில் ரப்பர் பால்வெட்டுகிறவரும் படிப்பார். அவருக்கும் கடன் இருக்கிறது.

அப்புறம், அறிவித்த மறுநாளே தவணை குறைந்துவிடாது. ரெப்போவோடு இணைந்த கடனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வங்கி வட்டியைத் திருத்த வேண்டும். உங்களுடையது, வங்கி தன் சொந்தச் செலவுக் கணக்கை வைத்து வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் கடன் என்றால், ரெப்போவுக்கு மாற்ற எவ்வளவு கட்டணம் என்று கிளையில் நேரில் போய்க் கேளுங்கள்.