மூன்றாவது பென்டிரைவ்

எனக்கு நீச்சல் தெரியாது. நான் இருக்கும் மலேசியாவின் பஹாவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் போர்ட்டிக்சன்வரை போக வேண்டும். அப்படிப்பட்டவன், 2009-இல் மருமகன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த ‘டீப் சீ டிடெக்டிவ்ஸ்’ தொடரை இன்றும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது பென்டிரைவ். முதல் இரண்டும் ஓடி ஓடியே உயிரை விட்டன.

ஹிஸ்டரி சேனலுக்காக 2003-இல் தொடங்கிய தொடர் இது. மூழ்கிய கப்பலுக்குள் இறங்கி, அது மூழ்கிய காரணத்தைத் துருவுவார்கள். முக்கியமாக இறங்குகிறவர்கள் இருவர். ஜான் சேட்டர்டன் நீருக்கடியில் கட்டுமான வேலை செய்தவர். ரிச்சி கோலர் கண்ணாடித் தொழில் நடத்தியவர். கையுறை போட்ட விரலால் அவர்கள் சேற்றை விலக்கும் விதத்திலேயே தொழில் தெரிகிறது. நடிகர்களைப் போட்டிருந்தால் இரண்டாம் நாளே மூடியிருப்பேன்.

நான் கித்தா என்கிற ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயருக்கு நேரே ‘வேலை’ என்றிருக்கும். ஆள் அன்று தம்பின் பக்கம் ஏதோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பான். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதியதை மேலிடம் நம்பியது. இந்த இருவரும் பெயர் பெற்ற யு-869 கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். இரண்டாம் உலகப் போரின் அந்த ஜெர்மன் நீர்மூழ்கி மொரோக்கோவின் ராபாத் அருகே மூழ்கியதாகப் போர்க்கால ஏடு சொன்னது. 1991-இல் நியூஜெர்சிக்கு அப்பால், 70 மீட்டர் ஆழத்தில், பெயர் தெரியாத ஒரு நீர்மூழ்கி அகப்பட்டது. உள்ளே ஒரு கத்தி. கைப்பிடியில் ‘ஹோரன்பர்க்’ என்று செதுக்கியிருந்தது. யு-869-இன் வானொலி இயக்குநர் பெயரும் ஹோரன்பர்க்! ஆனாலும் ஏட்டில் ராபாத் என்று இருக்கிறதே, கத்தியை யார் நம்புவார்கள்? ஆறு ஆண்டுகள் போயின. அங்கே இறங்கிய மூவர் இறந்தனர். 1997-இல் சேட்டர்டன் முதுகிலிருந்த காற்று உருளையைக் கழற்றி, அடைபட்ட இடுக்கில் நுழைந்து மோட்டார் அறையிலிருந்து உதிரிபாகப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த சிறு தகட்டில் எழுதியிருந்தது: யு-869. இந்த இடம் வரும்போதெல்லாம் நான் அடித்துத் திருத்திய செக்ரோல் பக்கங்கள் கண்முன் வந்துபோகும்.

குறை இல்லாமல் இல்லை. நடந்ததையே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி சொல்கிறார்கள். மேளச்சத்தம் அதிகம். 70 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் எட்டு மடங்கு. மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரஜன் கள்ளைப்போல் தலைக்கேறும். இருபது நிமிட வேலைக்கு, உடம்பில் ஏறிய அந்த வாயு மெல்ல வெளியேற, ஏறும் வழியில் ஒரு மணிநேரத்துக்கு மேல் நின்று நின்று வர வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் வெட்டிவிடுகிறார்கள். எனக்கோ அதைத்தான் பார்க்க ஆசை. இது விளையாட்டல்ல; ஆரம்பத்தில் சேட்டர்டனுடன் தோன்றிய மைக்கேல் நார்வுட் 2003 இறுதியில் பலாவ் தீவுகளில் முக்குளிக்கும்போது இறந்துபோனார்.

வீட்டுக்காரம்மாவுக்கு இது பிடிக்காது. “அதுதான் மூழ்கிவிட்டதே, இன்னும் என்ன பார்க்கிறீர்கள்?” என்பாள்.

போன ஆண்டு அவளோடு குவாந்தான் போயிருந்தேன். கரையிலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். அதற்கு அப்பால்தான் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கிடக்கின்றன. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவை. 840 பேர் மாண்டனர். 2023-இல் ஜோகூர்ப் பக்கம் தடுத்துவைக்கப்பட்ட ஒரு சீனக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் அகப்பட்டன; இந்தக் கப்பல்களிலிருந்து அள்ளியது என்று சந்தேகம். கிராணிக்குப் பழகிய கணக்குதான்: ஏட்டில் இருப்பு இரண்டு கப்பல், ஸ்டோரைத் திறந்து பார்த்தால் இரும்பு குறைகிறது.