கொழும்பில் டொக்டரைச் சனல் பண்ணும் சேவைகள்: நம்பர் வரை நல்லது, அதற்குப் பிறகு?

இரவு பதினொரு மணிக்கும் கையிலிருக்கும் போனிலேயே ஒரு வைத்திய நிபுணரிடம் நம்பர் எடுத்துவிடலாம். தனியார் வைத்தியசாலையில் டொக்டரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் பதிந்துதரும் கொழும்புச் சனலிங் சேவைகளின் பெரிய பலம் இது. ஒரே நிபுணர் எந்தெந்தத் தனியார் வைத்தியசாலையில் எந்தக் கிழமை இருக்கிறார் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம், கட்டணத்தை ஒப்பிடலாம், கார்ட்டிலோ போன் பில்லிலோ காசு கட்டலாம். ஆனால் அந்த நம்பரை எத்தனை மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள் என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. நோயாளியின் பாதி நாள் அங்கேதான் போகிறது.

இப்படியான சேவையை அளக்க நல்ல அளவுகோல் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு விரைவான சிகிச்சை என்ற பெயரில் 2016 டிசெம்பரில் கையெழுத்தான சட்டம் அது. படைவீரர் தானே நேரம் குறித்துக்கொள்ளும் முறையொன்றை, குறைந்தது மூன்று பிராந்தியங்களில் 18 மாதம் பரீட்சித்துப் பார்க்கச் சொன்னது. அந்த முறை என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் சட்டமே எழுதிவைத்தது: நேரத்தை எடுக்க, மாற்ற, ரத்துச் செய்ய முடிய வேண்டும், காலியிடம் அந்தக் கணமே தெரிய வேண்டும், வேறொருவர் ரத்துச் செய்த இடம் உடனே மற்றவர் கண்ணில் பட வேண்டும், அடுத்த தடவை வரவேண்டியதை நினைவூட்ட வேண்டும், நாள் முழுக்க, வாரம் முழுக்க இயங்க வேண்டும்.

எடுப்பதிலும், எந்நேரமும் இயங்குவதிலும் நம்முடைய சேவைகளுக்கு முழுப் புள்ளி. மாற்றுவதில் பாதிதான். பெரும்பாலும் பழையதை ரத்துச் செய்து புதிதாகக் காசு கட்டித்தான் திகதியை மாற்ற வேண்டியிருக்கிறது. ரத்தான இடம் இன்னொருவருக்குப் போகிறதா என்பது வெளியே தெரிவதே இல்லை. 14ஆம் நம்பர்காரர் வராவிட்டால் 15ஐக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். அவசரமாக ஓரிடம் தேடும் நோயாளிக்குத் திரை 'இடமில்லை' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் காட்டினால் வைத்தியசாலைக் கவுண்டருக்கு நேரடியாகவும் ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.

பதியும்போது பிழை நேரும் இடங்கள் சில உண்டு. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பெரேரா, சில்வா என்று வரிசையாகப் பலர் வருவார்கள். துறையை முதலில் தெரிவுசெய்து, பிறகு பெயரைப் பாருங்கள். நியூரோலொஜி நரம்புக்கு, நெஃப்ரோலொஜி சிறுநீரகத்துக்கு. அவசரத்தில் மாறிப்போனால் கட்டணமும் நாளும் வீண். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவுக்குச் சனல் பண்ணும்போது தன்னுடைய போன் நம்பரைக் கொடுப்பதுண்டு. டொக்டர் வரவில்லை என்ற மெசேஜ் அந்த நம்பருக்கே போகும், அம்மா கதிரையில் காத்திருப்பார். கூடப் போகிறவரின் நம்பரைத்தான் போட வேண்டும். உள்நாட்டு நோயாளி, வெளிநாட்டு நோயாளி என்று கேட்கும் இடத்தில் காசு கட்டுகிறவரை அல்ல, நோயாளியைக் குறியுங்கள். இரண்டுக்கும் கட்டணம் வேறு.

இனி நேரக் கணக்கு. பற்றுச்சீட்டில் வரும் நேரம் வெறும் பெருக்கல்தான். அமர்வு 4.30க்கு, ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 24ஆம் நம்பருக்கு முன்னால் 23 பேர், 115 நிமிடம், ஆக 6.25. டொக்டர் 5.15க்கு வந்தால் அது 7.10 ஆகிவிடும். அரசாங்க வைத்தியசாலையில் கடமை முடித்துவிட்டுத்தான் நிபுணர்கள் பலர் தனியாருக்கு வருகிறார்கள். வார்ட்டில் ஒரு நோயாளிக்குக் கடுமையானால் விட்டுவிட்டு வர முடியாது, வரவும் கூடாது. அதன் பிறகு மருதானை, பொரளை நெரிசல். நடுவில் ரிப்போட் காட்ட வருகிறவர்களையும் விடுவார்கள். அவர்கள் நம்பர் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே வீட்டிலிருந்து கிளம்புமுன் வைத்தியசாலைக்குக் கோல் எடுத்து, டொக்டர் வந்துவிட்டாரா, இப்போது எத்தனையாவது நம்பர் போகிறது என்று இரண்டையும் கேளுங்கள். நீரிழிவுக்காரரை வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டாம்.

தாமதத்தை விடக் கோபம் தருவது, தாமதம் எங்குமே பதிவாகாமல் போவதுதான். அமெரிக்காவில் சட்டம் வரக் காரணமும் கிட்டத்தட்ட இதுவே. 2014இல் அரிசோனாவின் பீனிக்ஸ் படைவீரர் வைத்தியசாலையில் 226 பேரின் கோப்புகளைப் படைவீரர் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் பார்த்தபோது, முதல் சந்திப்புக்குச் சராசரியாக 115 நாள் காத்திருந்தது தெரிந்தது. வைத்தியசாலை மேலிடத்துக்குக் காட்டியிருந்த கணக்கு 24 நாள். சுமார் 1,700 பேரின் பெயர் காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை. 14 நாளுக்குள் பார்க்க வேண்டும் என்ற இலக்கோடு அதிகாரிகளின் ஊக்கத்தொகை கட்டப்பட்டிருந்தது. வேறு நிலையங்களிலும் இருந்த ஒரு தந்திரம், காலியான நாளை முதலில் தேடிவிட்டு, அதையே நோயாளி விரும்பிய நாளாகப் பதிவது. காத்திருப்பை விரும்பிய நாளிலிருந்தே எண்ணுவதால் அது பூச்சியமாகிவிடும். 2018இன் இன்னொரு சட்டத்துக்குப் பிறகு விதி கறாரானது: முதல்நிலைச் சிகிச்சைக்கு 20 நாளுக்குள் இடமில்லையென்றால், நோயாளி அரசு செலவில் வெளி வைத்தியரிடம் போகலாம்.

இங்கே அவ்வளவு பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டொக்டர் வருவதாகச் சொன்ன நேரம், முதல் நோயாளி உள்ளே போன நேரம் இரண்டையும் கடைசிப் பத்து அமர்வுகளுக்கு நம்பர் எடுக்கும் பக்கத்திலேயே போடட்டும். அறை வாசலில் நிற்கும் தாதிக்கு அது தெரியும். பதிவதற்கு ஒரு பொத்தான் போதும்.

காசு திரும்புவது பற்றி: வைத்தியர் ரத்துச் செய்தால் வைத்தியர் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் திரும்ப வேண்டும், பதிவுக் கட்டணம் பெரும்பாலும் போனதுதான். நீங்கள் போகாமல் விட்டால் எதுவும் வராது. சில சேவைகளில் பதியும்போதே ஒரு சிறு தொகையைக் கூடுதலாகக் கட்டினால், போக முடியாவிட்டாலும் திரும்பக் கேட்கலாம். முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் அதைக் கட்டுவது நல்லது. போன் அப்பில் எடுத்த நம்பருக்கு வைத்தியசாலைக் கவுண்டரில் காசைத் திருப்பிக் கேட்டால் சேவை நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். அதனால் பதிவு இலக்கம் உள்ள மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். டொக்டர் வரவில்லை என்று கவுண்டரில் சொன்னால், அதைப் பற்றுச்சீட்டிலேயே திகதியோடு எழுதி வாங்குங்கள்.