8 வருடம் ஓடிய 5 டன் கிரேன்: எது தாங்கியது, எது தேய்ந்தது

ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஓடும் ஈ.ஓ.டி. கிரேன், அதாவது தலைக்கு மேலே ரெயிலில் ஓடும் மின்சாரக் கிரேன். சிங்கிள் கர்டர் (ஒரே குறுக்கு உத்தரம்), 15 மீட்டர் ஸ்பான், வயர் ரோப் ஹாய்ஸ்ட் (லோடைத் தூக்கும் பகுதி), நாலு ஃபால் (ஹூக்கைத் தாங்கும் நாலு ரோப் வரிசை), 12 மி.மீ. ரோப், கீழே நின்று இயக்கும் பென்டன்ட் (தொங்கும் பட்டன் பெட்டி). தினமும் இரண்டு ஷிஃப்ட். கம்பெனிப் பெயர் வேண்டாம், எந்த மேக் வாங்கினாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

எட்டு வருடத்தில் கர்டரில் ஒரு வெல்டிங் விரிசல் வரவில்லை. கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை, ஆயில் மாற்றியதோடு சரி. வண்டி நின்றதெல்லாம் சின்னச் சாமான்களால்: ரோப் கைடு (ரோப்பை டிரம் பள்ளத்தில் ஒழுங்காகச் சுற்றவைப்பது), லிமிட் சுவிட்ச், பிரேக் லைனர், பென்டன்ட் பட்டன், கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்ச்). ஆபத்து வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். விலை பேசும்போது கர்டர் பிளேட் கனத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள், ரோப் கைடு எந்த உலோகம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் லிமிட் சுவிட்ச். ஹூக் மேலே போய் ரோப் சுற்றும் டிரம்மில் இடிக்காமல் நிறுத்துவது இது ஒன்றுதான். ஷிஃப்ட் ஆரம்பத்தில் லோடு இல்லாமல், மெதுவான வேகத்தில் ஹூக்கை மேலே ஏற்றி, அது தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது ஹூக்குக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சோதனைக்கு வெளியே தினசரி வேலையில் லிமிட்டைத் தொட்டு நிறுத்தும் பழக்கம் இருந்தால், அது தேய்ந்து என்றைக்காவது கைவிடும். அது அவசரத்துக்கு இருக்கும் சாமான், பிரேக் இல்லை.

லிமிட் நன்றாக இருந்தும் ஹூக் இடிக்கும் ஒரு வழி உண்டு. ஈ.பி. லைனில் வேலை நடந்து முடிந்த பிறகோ, ஜெனரேட்டருக்கு மாற்றும்போதோ பேஸ் வரிசை மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். 'மேலே' பட்டனை அழுத்தினால் ஹூக் கீழே இறங்கும். ஆபரேட்டர் சமாளித்துக்கொண்டு, மேலே ஏற்ற 'கீழே' பட்டனை அழுத்துவார். விபத்து அங்கேதான். மேல் லிமிட் சுவிட்ச் துண்டிப்பது 'மேலே' கான்டாக்டரின் காயிலை மட்டுமே. இப்போது ஹூக்கை ஏற்றிக்கொண்டிருப்பது 'கீழே' கான்டாக்டர். லிமிட் சுவிட்ச் சரியாகத் தட்டும், ஹூக் நிற்காது. ஹூக் பிளாக் டிரம்மில் மோதி ரோப் அறுந்து எல்லாம் கீழே வரும். திசை மாறியிருப்பது தெரிந்த நொடியே மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும், பட்டனை மாற்றி அழுத்தி ஓட்டக் கூடாது. பேனலில் பேஸ் சீக்வென்ஸ் ரிலே இருந்தால், வரிசை மாறியபோது கிரேன் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய கிரேன்களில் பெரும்பாலும் இது இருக்காது. உடனே போடுங்கள். ஒரு பேஸ் போய்விட்டாலும் அதே ரிலே நிறுத்தும்படி வாங்கினால் மோட்டாரும் தப்பும்.

அடுத்தது ரோப். சேதத்துக்கு முக்கால்வாசிக் காரணம் இரண்டு பழக்கங்கள். ஒன்று, ஹூக்கைத் தரையில் படுக்க விடுவது. ரோப் தளர்ந்ததும் டிரம் பள்ளத்திலிருந்து ஒரு சுற்று எழும்பி, அடுத்த தடவை ஏற்றும்போது பக்கத்துச் சுற்றின் மேல் ஏறிக்கொள்ளும். இரண்டாவது, சாய்வாக இழுப்பது. ஜாப் மூலையில் கிடக்கும், கிரேன் அங்கே வராது, 'கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கலாம்' என்பார்கள். ரோப் கைடு அந்தப் பக்கவாட்டு இழுப்புக்குச் செய்ததல்ல, உடைந்துவிடும். கைடு உடைந்த ஹாய்ஸ்டை இன்னும் அரை நாள் ஓட்டினால் ரோப்பும் போகும்.

ரோப்பின் விட்டத்தை வெர்னியரில் பார்க்கும்போது இழைக்கட்டுகளின் முகட்டிலிருந்து முகட்டுக்கு அளக்க வேண்டும், பள்ளத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும். ஒரே இடத்தில் செங்குத்தான இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். ஸ்டீல் கோர் உள்ள 12 மி.மீ. ரோப் 11.1-க்கு வந்துவிட்டால் கழற்ற வேண்டியதுதான். ஒரே இடத்தில் மட்டும் மெலிந்திருந்தால் உள்ளே கோர் போய்விட்டது என்று அர்த்தம், அளவைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். கம்பி முறிவுக்கு ஒரு கணக்கு: ஒரு லே நீளத்தில், அதாவது ஒரு இழைக்கட்டு ரோப்பை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வரும் தூரத்தில், மொத்தம் 12 கம்பி, அல்லது ஒரே இழைக்கட்டில் 4 கம்பி முறிந்திருந்தால் ரோப்பை மாற்றுங்கள். இரண்டு இழைக்கட்டுகளுக்கு நடுப் பள்ளத்தில் முறிந்த கம்பி ஒன்று தெரிந்தாலே எண்ணிக்கை தேவையில்லை. பார்ப்பதற்கு கிரேனை நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஓடும் ரோப்பில் கிளவுஸ் போட்ட கையை வைப்பவர் விரலை புல்லியிடம் கொடுக்கிறார்.

கண்ணில் படாத இடம் ரோப்பின் கடைசி முனை மாட்டியிருக்கும் வெட்ஜ் சாக்கெட், அதாவது ஆப்பு வைத்து ரோப்பை இறுக்கிப் பிடிக்கும் கூடு. உள்ளே துரு பிடித்தாலும் வெளியே தெரியாது. லோடு வாங்கும் பக்கம் சாக்கெட் பின்னின் (pin) நேர்கோட்டில் வர வேண்டும். ரோப் மாற்றும்போது அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. வால் பகுதியை லோடு பகுதியோடு சேர்த்து கிளிப் போட்டு இறுக்குவது இன்னொரு தப்பு. ஹூக் அடிமட்டத்துக்கு இறங்கிய நிலையிலும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று மிச்சம் இருக்க வேண்டும்.

ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்கே உரிய ஒரு சங்கதி. ஜாப்பை ஹூக்கில் தொங்கவிட்டபடியே வெல்டிங் பண்ணுவார்கள், எர்த் கிளாம்ப் எங்கேயோ தூரத்தில் கேன்ட்ரி தூணில் (கிரேன் ரெயிலைத் தாங்கும் தூண்) கிடக்கும். கரண்ட் திரும்பிப் போக வழி தேடி சங்கிலி, ஹூக், ரோப், புல்லி பேரிங் வழியாகப் போகும். ரோப்பில் நீலம் பாய்ந்த சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தால் காரணம் இதுதான். எர்த் கிளாம்ப் எப்போதும் ஜாப்பின் மேலேயே இருக்கட்டும், முடிந்தவரை ஜாப்பை ஸ்டாண்டில் இறக்கிவிட்டே வெல்டிங் செய்யுங்கள். ஹூக்கில் எதையும் வெல்டிங் வைக்கவே கூடாது, ஹூக் வாயை மூடும் லாட்ச் உடைந்தால் அதைக்கூட. ஹூக் வாய் விரிகிறதா என்று பார்க்க, புதிதாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் பஞ்ச் புள்ளி வைத்து இடைவெளியைக் குறித்துவைத்தால் பிறகு வாதமே இல்லை.

பிரேக் லைனர் தேய்ந்தால், பிரேக் காந்தத்துக்கும் அது இழுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும். காந்தத்தால் தட்டை முழுசாக இழுக்க முடியாமல் பிரேக் உரசிக்கொண்டே ஓடும், அந்தச் சூட்டில் லைனர் இன்னும் வேகமாகத் தேயும். கருகிய வாடை வருவதும், மோட்டார் முனகுவதும் அதன் அறிகுறி. இன்னொரு பக்கம் ஸ்பிரிங் நீண்டு பிடி குறையும், லோடு நழுவும். இந்த ஹாய்ஸ்டில் இடைவெளி 0.3 மி.மீ., மாதம் ஒருமுறை ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்க்கிறோம். உங்களுடையதற்கு மேனுவலைப் பாருங்கள். கனமான லோடாக இருந்தால் முதலில் 10 செ.மீ. தூக்கி நிறுத்தி, நழுவுகிறதா என்று பார்த்த பிறகே மேலே கொண்டு போக வேண்டும். ஆயில் பட்ட லைனரை பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வீண்வேலை, மாற்றுங்கள்.

எடை தெரியாமல் தூக்குவதுதான் ஓவர்லோடு லிமிட்டரை (எடை அளவு தாண்டினால் தூக்கவிடாமல் நிறுத்துவது) குறை சொல்ல வைக்கிறது. பிளேட்டுக்குக் கணக்கு சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 6.3 மீட்டருக்கு 1.5 மீட்டர், 20 மி.மீ. பிளேட் ஒன்று ஏறக்குறைய 1,484 கிலோ. மூன்று எடுக்கலாம், நான்காவது வைத்தால் 5 டன் தாண்டிவிடும். லோடைக் கட்டித் தூக்கும் துணி பெல்ட்டின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடலாம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சிவப்பு 5. ஆனால் அந்த எண் நேராகத் தொங்கும்போதுதான். இரண்டு பெல்ட்டில் 2 டன் லோடு. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் 1.15 டன் வரும், 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொன்றும் 2 டன் வாங்கும். பிளேட் முனையில் கார்னர் பேட் இல்லாவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது, அறுத்துவிடும்.

கேன்ட்ரி ரெயிலில் பெரிய தொல்லை இல்லை. ரெயிலுக்குக் கீழே பளபளவென்று இரும்புத்தூள் விழுந்திருந்தால் வீல் ஃபிளாஞ்ச் உரசுகிறது. வீலை மாற்றுவதற்கு முன் இரண்டு ரெயிலுக்கும் நடுவிலான தூரத்தை அளந்து பாருங்கள். மேலே ஏறி வேலை பார்க்கும்போது ஐசோலேட்டரைப் பூட்டி, சாவியை ஏறுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். ரெயில் பாதையருகே ஆள் இருந்தால் கிரேன் 6 மீட்டருக்குள் வரக் கூடாது என்று, 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் எழுதியிருந்தது. அதே ரெயிலில் இன்னொரு கிரேனும் ஓடும் ஷெட்டுகளில் இதுதான் முதலில் மறக்கப்படும். 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதிபெற்ற நபரின் சோதனை என்பதும் அதே பிரிவில்தான் இருந்தது. அவர் வரும் அன்றைக்கு மட்டும் பெயின்ட் அடித்து வைப்பதில் பயனில்லை.

பென்டன்டைப் பற்றி ஒரு வரி: கேபிளின் எடையைக் கூடவே வரும் எஃகுக் கம்பி தாங்க வேண்டும், கேபிள் தாங்கினால் உள்ளே கோர் அறுந்து பட்டன் வேலை செய்வதும் செய்யாததுமாக இருக்கும். அடிக்கடி தட்டித் தட்டி நகர்த்துவதும், ஓடும்போதே எதிர்ப் பட்டனை அழுத்தி நிறுத்துவதும் கான்டாக்டர் முனைகளை ஒட்டவைக்கும். ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்ட பிறகும் கிரேன் ஓடும். அப்போது காப்பாற்றுவது எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும்தான், அதையும் தினமும் அழுத்திப் பாருங்கள்.

மறுபடி வாங்கினால் எல்.டி. (கிரேன் நீளவாக்கில் ஓடுவது), சி.டி. (ஹாய்ஸ்ட் குறுக்கே ஓடுவது) இரண்டுக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும் கருவி) கேட்போம். லோடு ஆடுவது நன்றாகக் குறையும். ஸ்டோரில் எப்போதும் இருக்க வேண்டியவை: லிமிட் சுவிட்ச் ஒன்று, பிரேக் லைனர் ஒரு செட், பிரேக் ரெக்டிஃபையர், கான்டாக்டர் முனைகள், பென்டன்ட் பட்டன், டி.எஸ்.எல். (ஓடும் கிரேனுக்கு மின்சாரம் கொடுக்கும் பாதை) கார்பன் பிரஷ். ரோப் கைடு மட்டும் இரண்டு.