நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுப்பது: விரிவுரையா, வார்டா, நடித்துப் பழகுவதா?

2019-இல் புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் வந்தபோது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும், மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு மூன்றையும் சேர்த்த ‘ஏட்காம்’ என்ற பகுதிக்குள் கட்டாயப் பாடமாகிவிட்டது. நல்ல விஷயம். அதை எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் கேள்வி.

விரிவுரையால் ஒரு லாபம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி மாதிரி ஆண்டுக்கு 250 பேர் சேரும் இடத்தில், ஒரே மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிடலாம். கெட்ட செய்தியைச் சொல்வதற்கான ‘ஸ்பைக்ஸ்’ முறையின் ஆறு படிகளையும் மாணவர்கள் பரீட்சையில் வரிசை பிசகாமல் எழுதிவிடுவார்கள். நோயாளி எதிரே உட்கார்ந்ததும் அந்த வரிசை உதவுமா? 1984-இல் பெக்மேன், ஃபிராங்கெல் இருவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியாத விஷயமல்ல. பழக்கம்தான் முந்திக்கொள்கிறது.

வார்டில் சீனியரைப் பார்த்துக் கற்பது இதைவிட ஆழமாகப் பதியும். ஆனால் எந்த சீனியர் வாய்க்கிறார் என்பது அதிர்ஷ்டம். நோயாளியை வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறவரிடமிருந்து அதுவும் தொற்றிக்கொள்ளும். கேஸ் ஷீட்டைத் திருத்துகிற அளவுக்கு, மாணவர் பேசிய விதத்தை யாரும் திருத்துவதில்லை.

என் ஓட்டு நடித்துப் பழகுவதற்குத்தான். ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-இலேயே நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி வகுப்புக்குக் கொண்டுவந்தார். நம் ஊருக்கு ஏற்ற ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் புற்றுநோய். மகன் வராந்தாவில் டாக்டரை நிறுத்தி, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், தாங்க மாட்டாரு” என்கிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்கச் சொல்கிறது ஸ்பைக்ஸின் மூன்றாவது படி. இங்கே மகன் வழியை மறித்து நிற்கிறார். “நோயாளிக்கு உரிமை உண்டு” என்று மாணவர் ஆரம்பித்தால் மகன் முகம் இறுகிவிடும். அங்கேயே நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கச் சொல்லலாம். இந்த முறை, “அப்பா உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா? அவருக்கு என்ன தெரியும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுப் பார்க்கட்டும். மகன் பேச ஆரம்பிப்பார். உண்மையான குடும்பத்திடம் இப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

செலவும் நேரமும் பிடிக்கும் வேலைதான். சக மாணவரையே நோயாளியாக உட்கார வைத்தால் பாடப்புத்தக வரிசையில் அறிகுறிகளை ஒப்பித்துவிடுவார். அதனால் வெளியாள் வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியர்களும் உள்ளூர் நாடகக் குழுவினரும் இதற்கு நன்றாகப் பொருந்துவார்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒருவர் பேச மற்றவர்கள் குறித்துக்கொண்டால் போதும். அப்புறம் வார்டுக்கு அனுப்பி, ஆசிரியர் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் கேட்கட்டும். மாணவர்கள் ஒவ்வொரு நிலையமாகச் சென்று செய்துகாட்டும் ‘ஆஸ்கி’ செய்முறைத் தேர்விலும் இதற்கு ஒரு நிலையம் ஒதுக்கிவிட்டால், மாணவர்கள் தாங்களாகவே பயிற்சி கேட்டு வருவார்கள்.